விசிட் விசாவில் போனால் போதும் என்று சொல்லி 1,65,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

தம்பி நேற்று விடியற்காலையில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வந்து இறங்கினான். ஜூன் மாதம் இதே ஏர்போர்ட்டில் அவனை அனுப்பும்போது அம்மா புது சூட்கேஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். நேற்று கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்தான். உள்ளே இரண்டு சட்டை, வெல்டிங் கண்ணாடி, பாஸ்போர்ட். சூட்கேஸை ரூம் வாடகை பாக்கிக்காகப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். களியக்காவிளை வரும்வரை வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் தூங்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தால் "எதுக்குக்கா, நாலு பேருக்குத் தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்" என்று தடுப்பான். எனக்கு அசிங்கம் இல்லை. அந்த டிராவல்ஸ் இன்றும் திறந்திருக்கிறது, இன்றும் யாரோ ஒரு அம்மா அங்கே பணத்தோடு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. மார்த்தாண்டம் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு டிராவல்ஸ். டிக்கெட், பாஸ்போர்ட், விசா, உம்ரா, வேளாங்கண்ணி டூர் எல்லாம் ஒரே போர்டில் எழுதியிருக்கும். அந்த மாதிரி இடம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

தம்பிக்கு 29 வயது. பத்தாம் வகுப்பில் தவறியவன். கோணம் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்துவிட்டு, கருங்கல்லில் ஒரு கிரில் பட்டறையில் ஏழு வருடமாக வேலை செய்தான். பத்து முடிக்காததால் அவன் பாஸ்போர்ட் இ.சி.ஆர். பாஸ்போர்ட். அதாவது, வளைகுடா நாடுகளும் மலேசியாவும் சேர்ந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், கிளம்பும் முன் அரசாங்கத்தின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். இது எனக்கு இப்போது தெரியும். ஏப்ரல் மாதம் தெரியாது.

ஏப்ரலில்தான் அங்கே முதல்முறை போனோம். அம்மா, தான் வேலை செய்யும் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். அந்த ஆள் எங்களை உட்கார வைத்து, சாயா வரவழைத்து, முதலில் கேட்டது பாஸ்போர்ட் இல்லை. "அம்மா, நீங்க எந்தப் பங்கு?" என்றுதான் கேட்டார், அதாவது எந்தச் சர்ச் என்று. அம்மா சொன்னதும், "அங்க திருநாளுக்கு வருஷா வருஷம் வருவேனே" என்றார். எங்கள் தெருவில் இரண்டு பேருடைய பெயரைச் சொன்னார். அப்புறம் தன் போனில் ஒரு பையனின் போட்டோவைக் காட்டி, "இது என் சொந்தத் தம்பி. அபுதாபியில நிக்கான். விசிட்ல போனவன்தான், ஒரு மாசத்துல விசா அடிச்சாச்சு. ஒங்க மொவனும் எனக்குத் தம்பிதான். பேடிக்காதீங்க" என்றார். அம்மா அழுதுவிட்டார். சந்தோஷத்தில்தான். அந்த நிமிடத்திலேயே எங்கள் பணம் போய்விட்டது, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எண்ணிக் கொடுத்தது மட்டும்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். சார்ஜாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி. மாதம் 1,800 திர்ஹாம், தங்குமிடம் இலவசம். 60 நாள் விசிட் விசாவில் போக வேண்டும். போய் இறங்கியதும் கம்பெனியே வேலை விசாவாக மாற்றிக் கொடுத்துவிடும். எல்லாம் சேர்த்து 1,65,000 ரூபாய்.

நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். மாதம் ஒன்பதாயிரம் சம்பளம். 1,65,000 ரூபாய் என்றால் எனக்கு ஒன்றரை வருடச் சம்பளத்துக்கும் மேலே. என் இரண்டு பவன் சங்கிலியையும் அம்மாவின் கம்மலையும் அடகு வைத்து 1,20,000. மகளிர் குழுவில் என் பெயரில் கடன் எடுத்து 45,000. அந்த 1,20,000-ஐ ரொக்கமாகக் கேட்டார். "அக்கவுண்ட்ல போட்டா ஜி.எஸ்.டி. வரும், ஒங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். சரி, நம்மைக் காப்பாற்றத்தானே சொல்கிறார் என்று நினைத்தேன். குழுக் கடன் 45,000 மட்டும் ஜிபேயில் போனது. ரசீது கேட்டேன். கொடுத்தார். 45,000-க்குத்தான். "மிச்சத்துக்கு விசா வந்ததும் மொத்தமா பில் தாறேன்" என்றார். அந்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் அன்று படிக்கவில்லை. "யு.ஏ.இ. டூர் பேக்கேஜ், சர்வீஸ் சார்ஜ்" என்று எழுதியிருக்கிறது. வேலை என்ற சொல்லே அதில் கிடையாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பிக்குப் போனில் பாடம் எடுத்தார். இமிக்ரேஷனில் கேட்டால் சித்தப்பா வீட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டைக் கைப்பையில் வைக்கக் கூடாது. வெல்டிங் வேலை என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. அன்றைக்கே எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. நேர்வழியில் வேலைக்குப் போகிறவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான் போறாங்க டீச்சர், இ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்கு வேற வழியில்ல" என்றார். வழி இருந்தது. கம்பெனி நம் அரசாங்கத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் ஒப்பந்தத்தை ஏற்றி, குடிபெயர்வுப் பாதுகாவலர் அலுவலகம் அனுமதி கொடுத்து, 10 லட்சம் ரூபாய் இன்சூரன்ஸோடு போகும் வழி. அந்த இன்சூரன்ஸுக்கு இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் வெறும் 275 ரூபாய். ஆனால் அந்த வழியில் போக உண்மையிலேயே ஒரு கம்பெனி வேண்டுமே. டூரிஸ்ட் என்று அனுப்பினால் யாரும் எந்த ஒப்பந்தத்தையும் கேட்கப் போவதில்லை. அதற்காகத்தான் விசிட் விசா.

சார்ஜாவில் கம்பெனி என்று ஒன்றும் இல்லை. ஏர்போர்ட்டுக்கு வந்த ஆள் அவனை இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பன்னிரண்டு பேர் இருக்கும் ஒரு ரூமில் விட்டுவிட்டு, முதல் மாத வாடகையை அவன் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் சும்மா இருந்தான். அப்புறம் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கே இன்ஸ்பெக்ஷன் என்று யாராவது சொன்னால் ஷட்டரை இறக்கிவிட்டு இவனைப் பின்பக்கமாக ஓடச் சொல்வார்களாம். விசிட் விசாவில் இருப்பவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-இல் அங்கே சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நான்காவது வாரம் அந்த முதலாளி பயந்துபோய் இனி வர வேண்டாம் என்றார். சம்பளம் கேட்டதற்கு, "உன்னிடம் பேப்பர் என்ன இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டாராம். என் தம்பி கையெல்லாம் சூடு பட்ட தழும்போடு திரும்பி ரூமுக்கு வந்தான்.

இதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது, 60 நாள் முடியப் போகிறது. இங்கே நான் டிராவல்ஸுக்கு நடக்க ஆரம்பித்தேன்.

முதல் தடவை போனபோது, "எக்ஸ்டென்ஷன் போட்டாச்சு டீச்சர், டென்ஷன் ஆகாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேப்பர் அனுப்பினார். தேதி நீட்டியிருந்தது. நம்பினோம். தம்பியின் ரூமில் இருந்த பாறசாலைக்காரச் சேட்டன் ஒருவர்தான் சந்தேகப்பட்டு, அந்த நாட்டு இமிக்ரேஷன் தளத்தில் பாஸ்போர்ட் நம்பரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். எக்ஸ்டென்ஷன் எதுவும் போடவே இல்லை. விசா முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் வீதம் அபராதம் ஏறிக்கொண்டிருந்தது. பழைய பேப்பரில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்!

இரண்டாம் தடவை போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண், "சார் திருவனந்தபுரம் போயிருக்காங்க" என்றாள். உள்ளே அவர் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாம் தடவை, மழையில் நனைந்துகொண்டு போய் வாசலிலேயே நின்றேன். அப்போது வெளியே வந்து, "பொதுமன்னிப்பு வரும் டீச்சர், அபராதம் எல்லாம் தள்ளுபடி ஆயிரும், பையனைப் பதுங்கி இருக்கச் சொல்லுங்க" என்றார். அங்கே பொதுமன்னிப்பு 2024 செப்டம்பரில் ஆரம்பித்து டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. முடிந்துபோன ஒன்றைக் காட்டி, ஒரு பையனை அந்நிய நாட்டில் ஒளிந்து கிடக்கச் சொல்கிறார். ஒவ்வொரு நாளும் 50 திர்ஹாம்.

நான்காம் தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குச் சாயா இல்லை. எங்களை உட்காரச் சொல்லவும் இல்லை. ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் போட்டார். "டூருக்குத்தான் அனுப்பினோம். டிக்கெட் குடுத்தோம், விசா குடுத்தோம், போய் இறங்கியாச்சு. வேலை தாறோம்னு எங்க எழுதியிருக்கு?" 1,65,000 ரூபாய் கொடுத்தோமே என்றேன். "45,000-க்குத்தானே ரசீது இருக்கு" என்றார். அம்மா, "மக்களே, என் மொவனும் ஒனக்குத் தம்பிதான்னு சொன்னியே" என்று கேட்டார். அதற்கு அந்த ஆள் பதில் சொல்லவில்லை, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். எந்தப் பங்கு என்று கேட்ட அதே ஆள். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

திரும்பி வர வைத்திருந்த ரிட்டர்ன் டிக்கெட்டையும் அவன் போய் இறங்கிய மூன்றாம் நாளே கேன்சல் பண்ணிப் பணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை ஏர்லைன் ஆபீஸில் கேட்டபோதுதான் தெரிந்தது.

கடைசியில் தம்மாமில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகன் பணம் அனுப்பினார். 38 நாளுக்கு 1,900 திர்ஹாம் அபராதம், நம் பணத்தில் 45,000 ரூபாய்க்கு மேல். அதுபோக டிக்கெட். அந்தச் சேட்டன் தன் லீவு நாளில் கூடவே போய் அபராதத்தைக் கட்ட வைத்து, ஏர்போர்ட் வரை கொண்டுவிட்டார். இதில் எங்களுக்கு மனுஷனாக நடந்துகொண்டது அவர் ஒருவர்தான். இப்போது 1,65,000 ரூபாய் கடனுக்கு மேலே இந்தக் கடனும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விசிட் விசாவில் போய் வேலை கிடைத்து விசா மாற்றியவர்கள் துபாயில் உண்டு, எங்கள் ஊரிலேயே உண்டு. அவர்களுக்கு உண்மையான கம்பெனி இருந்தது, அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் வழியாக ஆஃபர் லெட்டர் வந்தது. எங்களுக்கு அப்படி ஒரு தாள்கூட வரவில்லை. ஓமனில் 2023 அக்டோபர் 31 முதல் விசிட் விசாவை வேலை விசாவாக மாற்றுவதையே நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகும் நம் ஊரில் "மஸ்கட் விசிட், போய் மாத்திக்கலாம்" என்று பேசுகிறவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன். தம்பி புரண்டு படுக்கிறான், அதனால் வேகமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப லைசென்ஸ் வேண்டும். நம்பரைக் கேளுங்கள், இ-மைகிரேட் தளத்தில் அந்த நம்பரைத் தேடிப் பாருங்கள். டிக்கெட் போடும் டிராவல்ஸ் என்பது வேறு, இது வேறு. லைசென்ஸ் உள்ளவரே ஆனாலும் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், மொத்தம் 35,400. எங்களிடம் வாங்கியது 1,65,000. எமிரேட்ஸ் (யு.ஏ.இ.) சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று படியுங்கள். இமிக்ரேஷனில் பொய் சொல்லச் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 11 3090 என்ற நம் அரசாங்க உதவி நம்பரைக் கூப்பிடுங்கள், இலவசம். ஏற்கெனவே அங்கே போய் மாட்டிக்கொண்டவர்கள் எமிரேட்ஸுக்குள் இருந்து 800 46342 என்ற இந்தியத் தூதரக உதவி நம்பரைக் கூப்பிடலாம். ஒளிந்து மட்டும் இருக்காதீர்கள், நாளுக்கு நாள் அபராதம்தான் ஏறும்.

நாளை மறுநாள் திங்கட்கிழமை, நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் போலிப் பேப்பர், ஜிபே விவரம் எல்லாம் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து நேராக எஸ்.பி. ஆபீஸுக்கும் போவேன். மார்த்தாண்டம் பக்கம் இதே மாதிரி "டூர் பேக்கேஜ்" ரசீதோடு ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். காலை பத்து மணிக்கு வாசலில் அம்மாவோடு நிற்பேன்.