மேரி டிரெஸ்லரா, மே ராப்சனா?

பழைய ஹாலிவுட்டின் கிழவி வேடக்காரர்களில் யாரை முதலில் பார்ப்பது என்றால், நான் டிரெஸ்லர் பக்கம். கனடாவில் 1868-ல் பிறந்து, மேடையில் பேர் வாங்கி, 1914-ல் சாப்ளினோடு ஒரு முழுநீள நகைச்சுவைப் படத்தில் நடித்தவர், 1920-களில் வாய்ப்பே இல்லாமல் கிடந்து, பேசும்படம் வந்த பிறகு அறுபது வயதைத் தாண்டி 'மின் அண்ட் பில்' படத்துக்காக ஆஸ்கார் வாங்கினார். அழகு என்று எதையும் காட்டாமல், அந்தக் கனத்த உடம்பையும் தொங்கிய முகத்தையும் வைத்தே சிரிக்க வைப்பார், அடுத்த நொடி அழவும் வைப்பார்.

ராப்சன் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், டிரெஸ்லரைவிடப் பத்து வயது மூத்தவர். 'லேடி ஃபார் எ டே' (1933) படத்தில் தெருவில் ஆப்பிள் விற்கும் கிழவி. ஆஸ்கார் பரிந்துரையோடு சரி, விருது கேத்தரின் ஹெப்பர்னுக்குப் போனது. வேடிக்கை, 1938-ல் அதே ஹெப்பர்னுக்கு அத்தையாக நடித்தார்! நடிப்பில் அளவு தெரிந்தவர், ஆனால் டிரெஸ்லரின் அந்த முரட்டுத்தனம் இல்லை.

'டின்னர் அட் எயிட்'டில் (1933) இருவரும் உண்டு. ராப்சன் சமையல்காரி, சட்டென்று வந்து போவார். டிரெஸ்லரோ கடைசிக் காட்சியில் நடிகை ஜீன் ஹார்லோ புத்தகம் படித்ததாகச் சொன்னதும் தடுமாறி நிற்பாரே, அதை எத்தனை தடவையும் பார்க்கலாம்.