பை ஆணிக்குப் போனதா? பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் 2017 ஜனவரி முதல் தேதியிலிருந்து, கடையில் பிளாஸ்டிக் பை கேட்டால் ஒன்றுக்கு 20 காசு கட்ட வேண்டும் என்ற விதி வாரத்தின் எல்லா நாள்களுக்கும் உரியதாயிற்று. அதற்கு முன்பு, 2010 முதலே, சனிக்கிழமைகளில் மட்டும் பிளாஸ்டிக் பை இல்லா நாள் இருந்துவந்தது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் செய்யும் காரியம் கைக்குப் பழகுவது கடினம். பினாங்கு மாநிலம் இதில் எங்களுக்கு மூத்தது. அங்கே 2009-இல் திங்கட்கிழமைகளில் தொடங்கி, 2011 ஜனவரியிலிருந்து எல்லா நாள்களுக்கும் விரிவாக்கிவிட்டார்கள். நிபோங் திபாலில் குடியிருக்கும் என் நாத்தனார், எங்கள் ஊரில் இந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே கூடை இல்லாமல் வாசல் தாண்டாதவராக மாறியிருந்தார். கடைக்குச் சொந்தப் பையை மறக்காமல் கொண்டுபோவது பற்றி அவரிடம் கேட்டுக் கற்றதையும், எங்கள் வீட்டில் இத்தனை ஆண்டுகள் பல வகைப் பைகளைப் பயன்படுத்தித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். 2007-இல் பெயர் மாறிய பிறகும் பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிறார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள். இங்கே கடைக்குப் போவது என்றால் அது மூன்று விதம். சம்பளம் வந்ததும் காரை எடுத்துக்கொண்டு மாதச் சாமான் வாங்கப் போவது ஒன்று. வாரந்தோறும் கூடும் இரவுச் சந்தைக்குப் போவது இன்னொன்று. மூன்றாவது, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தொலைபேசி அழைப்பு வந்து, “வரும்போது கறிவேப்பிலையும் தயிரும் வாங்கிக்கிட்டு வாங்க” என்பதைக் கேட்டு, நினைத்திராத நேரத்தில் கடை வாசலில் நிற்பது.

முதல் விதத்தில் பை மறந்துபோவதே இல்லை. சாமான் பட்டியல் எழுதும்போதே பையும் நினைவுக்கு வந்துவிடுகிறது. மறதி பெரும்பாலும் மூன்றாவது விதத்தில்தான் நிகழ்கிறது என்பதைச் சில மாதங்களிலேயே கவனித்தோம். 20 காசு கொடுத்து வாங்கிய பைகள் எந்த நாளில், யார் கையில் வீட்டுக்கு வந்தன என்று பார்த்தபோது, அவை ஏறக்குறைய எல்லாமே இப்படி வழியில் நின்ற கடைகளிலிருந்து வந்தவையாக இருந்தன. இதைக் கண்டுகொண்டதுதான் எங்களுக்குப் பெரிய உதவியாக அமைந்தது, ஏனென்றால் “பையை மறக்காதீர்கள்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதால் பயனில்லை என்பதும், வீட்டிலிருந்து புறப்படாத மனிதருக்கு வீட்டில் மாட்டியிருக்கும் பை எந்த வகையிலும் உதவாது என்பதும் அப்போது தெளிவாயிற்று.

இன்னொன்றையும் கவனித்தோம். பை தவறிப்போகும் நேரம் கிளம்பும் நேரமாகத் தோன்றினாலும், உண்மையில் அது முந்தைய தடவை திரும்பி வந்த நேரம். சாமானைச் சமையலறையில் இறக்கிய பிறகு காலிப் பை அடுப்பு மேடைக்கு அடியிலோ, வெங்காயக் கூடையின் மேலோ தங்கிவிடுகிறது. அடுத்த தடவை வெளியே போகிறவர் சமையலறை வழியாகப் போவதில்லை. ஆகவே அன்றைக்கு அவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், பை கண்ணில் படாததால் எண்ணத்திலும் வருவதில்லை.

பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், “இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிச்சுப்போட்டு வைக்கும் தீர்மானங்கள், “இதைச் செய்ய வேண்டும்” என்ற பொதுவான விருப்பத்தைவிட அதிகம் நிறைவேறுவதை எடுத்துக்காட்டினார். எங்கள் வீட்டு விதி இதை ஒத்தது. பையிலிருந்து கடைசிப் பொருள் வெளியே வந்ததும் பை வாசல் பக்கத்து ஆணிக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகுதான் அரிசியையும் பருப்பையும் எடுத்து அடுக்கலாம். அந்த ஆணியில்தான் கார்ச் சாவியும் மோட்டார்ச் சாவியும் தொங்குகின்றன. சாவி எடுக்காமல் யாரும் போக முடியாது என்பதால் பையைத் தொடாமலும் போக முடியாது. இந்த விதியைக் காவல் காப்பவர் என் மாமியார். மகன் சாமானை இறக்கிவைத்ததும், “ஐயா, பை ஆணிக்குப் போச்சா?” என்று கூடத்திலிருந்தே கேட்பார். அவர் கேட்பதற்கு முன்பே பையை மாட்டிவிட்டு வந்து நிற்பது இப்போது மகனுக்கு ஒரு பெருமை.

வழியில் நிற்கும் கடைக்குத் தீர்வு வேறு. மோட்டார் ஓட்டுகிற எல்லோரும் இங்கே மழைச்சட்டை வைத்திருப்பார்கள். பிற்பகல் மழை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மெல்லிய நைலான் மடிப்புப் பை ஒன்றை அந்த மழைச்சட்டையோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிட்டோம். மழைச்சட்டையை விட்டுவிட்டு என் கணவர் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை, எனவே பையும் கூடவே போகிறது. எனக்கு அது கைப்பையின் உள்ளறையில் இருக்கிறது. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் இந்த நைலான் பைதான், எங்களிடம் உள்ள எல்லாப் பைகளிலும், விலைக்கும் உழைப்புக்கும் சேர்த்துப் பார்த்தால் முதலிடம் பெறுவது. ஐந்து கிலோ அரிசியும் இரண்டு புட்டி எண்ணெயும் வைத்தாலும் தையல் விடவில்லை. ஒரே குறை, கைப்பிடி மெல்லியதாக இருப்பதால் கனம் கூடினால் விரல்களில் அழுந்துகிறது.

பேரங்காடிகளில் ஒன்றிரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்கும், பார்வைக்குத் துணி மாதிரி தோன்றும் பைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் வீட்டில் குவிந்திருப்பவை அவைதான். அவை துணியல்ல, நெய்யாமல் அழுத்திச் செய்த பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். வீட்டுக்குள் வைத்துப் பயன்படுத்தினால் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் காரின் பின் கண்ணாடிக்குக் கீழோ மோட்டாரின் முன்கூடையிலோ வெயில் படும்படி விட்டுவைத்தால், சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அந்தப் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. முதலில் நிறம் வெளுக்கும். பிறகு ஒரு நாள் தூக்கும்போது கைப்பிடி கையோடு வர, பை அப்பளம்போல் நொறுங்கித் துகள்துகளாகக் காருக்குள் உதிரும். அந்தத் துகள்களைக் கூட்டி அள்ளுவதும் எளிதல்ல. எங்கள் ஊர் வடிகால்கள் சிலாங்கூர் ஆற்றில் சேர்கின்றன. அந்த ஆறு, மின்மினிகளுக்குப் பேர்போன கம்போங் குவாந்தானைக் கடந்து கோலசிலாங்கூரில் கடலில் கலக்கிறது. பிளாஸ்டிக்கைத் தவிர்க்க வாங்கிய பை நொறுங்கிப் பிளாஸ்டிக் துகளாக ஆற்றுக்குப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காரில் வைப்பதென்றால் வெயில் எட்டாத பின்பெட்டிக்குள் வையுங்கள்.

பருத்தித் துணிப்பையின் மேல் எனக்கு மிகுந்த அன்பு உண்டு. மாமியார் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் கோதுமை மாவு வந்த துணிப்பைகளைத் துவைத்துக் கைப்பிடி வைத்துத் தைத்துக்கொள்வார்களாம். தோட்டத்துக் கடையில் 555 என்ற சிறு கடன் கணக்குப் புத்தகத்தில் கணக்கெழுதிவிட்டு, அந்தப் பையில்தான் சாமான் வீட்டுக்கு வருமாம். அவர் கையால் தைத்த இரண்டு பைகள் இன்றும் எங்களிடம் உழைக்கின்றன. ஆயினும் நம் ஊர் ஈரக்காற்றில் பருத்தி எளிதில் பூஞ்சை பிடிக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஈரக் கீரையை வைத்துக் கொண்டுவந்த பையை அன்றே வெயிலில் போடாவிட்டால், அடுத்த வாரத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரியும், வாடையும் போகாது. பருத்தி என்றாலே இயற்கைக்கு நல்லது என்று எண்ணிப் புதிது புதிதாக வாங்கிச் சேர்ப்பதும் சரியல்ல. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலில் உள்ள பங்கை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு தடவை பயன்படுத்தி எறியும் சாதாரண பிளாஸ்டிக் பையை ஈடுகட்டப் பருத்திப் பையை 131 தடவையும், மேலே சொன்ன பாலிப்ரொப்பிலீன் பையை 11 தடவையும் பயன்படுத்த வேண்டும். அந்த மெல்லிய பையை வீட்டில் குப்பை கட்டவும் பயன்படுத்தியிருந்தால் இந்த எண்ணிக்கைகள் இன்னும் கூடுகின்றன. பருத்தி விளைவிக்கவும் பதப்படுத்தவும் ஆகும் செலவு அவ்வளவு. ஆகவே பழைய சேலையிலோ, கிழிந்த படுக்கை விரிப்பிலோ தைத்த பைதான் மனத்துக்கு நிறைவளிக்கிறது; அதற்கெனப் புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை.

குப்பைப் பையைப் பற்றிய கேள்வியை நேர்மையாகவே எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கடைப் பைகள் வருவது நின்றபோது, குப்பைத் தொட்டிக்குத் தனியாகப் பைச்சுருள் வாங்கும் நிலை வந்தது. அப்படியானால் என்ன மிச்சம் என்று என் கணவர் கேட்டது நியாயமே. காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் பின்புறத்து வாழை மரங்களின் அடியில் புதைக்கத் தொடங்கிய பிறகு, தொட்டியில் ஈரக் குப்பை மிகவும் குறைந்து, சுருள் வாங்குவதும் அரிதாயிற்று. மாடிவீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் 20 காசு பையை வாங்கி, அதையே குப்பைக்கும் பயன்படுத்தினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

இரவுச் சந்தை தனி உலகம். பேரங்காடியில் பணம் வாங்கும் பெண், “பிளாஸ்டிக் நாக், காக்?” (பிளாஸ்டிக் வேண்டுமா, அக்கா?) என்று மலாயில் கேட்கிறாள், அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலுள்ள ஒரு கணம், பையை நினைவுபடுத்துவதில் 20 காசைவிட அதிகம் உதவுகிறது என்பது என் கருத்து. சந்தையில் அந்தக் கேள்வியே இல்லை. தராசிலிருந்து இறங்கும் முன்பே கத்தரிக்காய் சிவப்புப் பைக்குள் விழுந்துவிடும். அங்கே பை கொண்டு போனால் மட்டும் போதாது. விலை கேட்கும் முன்பே, வாய் விரித்த கூடையை வியாபாரியின் கண்முன் நீட்ட வேண்டும். இதற்கு ஒயர் கூடையை மிஞ்சியது எதுவுமில்லை. அது தானாக நிமிர்ந்து நிற்கிறது, வாய் எப்போதும் திறந்திருக்கிறது, தக்காளி நசுங்குவதில்லை, மண்ணும் ஈரமும் பட்டால் குழாயடியில் காட்டினால் போதும். சீன வியாபாரி ஒருவர் இப்போது கூடையைக் கண்டதும், “தங்கச்சி, உள்ளே போடவா?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டு நேராகக் கொட்டுகிறார்.

மீனுக்கு மூடி போட்ட டப்பா. மீன்காரர் தட்டில் நிறுத்த கெம்போங் மீனை அப்படியே டப்பாவுக்கு மாற்றிவிடலாம்; பனிக்கட்டித் தண்ணீர் மற்றவற்றின் மேல் ஒழுகாது. மீனும் கோழியும் படும் எதையும் மற்ற பைகளோடு கலக்காமல் வைத்திருப்பது அவசியம். அமெரிக்காவில் கடைக்கு வந்தவர்களின் பைகளைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பைகளில் கோலிஃபார்ம் வகைப் பாக்டீரியாக்கள் இருந்தன, துவைத்தபோது 99.9 விழுக்காட்டுக்கும் மேல் நீங்கின. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது பிளாஸ்டிக் உற்பத்தியாளர்களும் அடங்கிய வேதித் தொழில் சங்கம் என்பதை அறிந்துகொண்டே படிக்க வேண்டும்; ஆனாலும் துவைத்தால் போய்விடும் என்பது அதிலேயே உள்ள செய்தி. நாங்கள் பள்ளிச் சீருடை துவைக்கும் நாளில் பைகளையும் சேர்த்துத் துவைத்துவிடுகிறோம்.

தீபாவளிக்குக் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போனால், துணிக்கடைகள் இலவசமாகக் கொடுக்கும் கெட்டியான பாலிப்ரொப்பிலீன் பைகள்தான் புதிய சிக்கல். மறுத்தால் சிலர் வருத்தப்படுகிறார்கள். ஆனால் 11 தடவை பயன்படுத்தாமல் அலமாரியில் அடுக்கப்படும் பை, எறியும் பையைவிடக் கெடுதல் என்பதால், சிரித்த முகத்தோடு “வேண்டாம்ணே, கூடை இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

இன்னும் சரிப்படாமல் இருப்பது சாப்பாட்டுக் கடை. காலையில் ரொட்டி சானாய் கட்டி வாங்கினால், டால்சா என்ற பருப்புக் குழம்புக்கு ஒரு பை, சம்பலுக்கு ஒரு பை, எல்லாவற்றையும் போட இன்னொரு பை. சிலாங்கூரில் உணவுக்கான போலிஸ்டிரீன் பெட்டிகளுக்கும் 2017-லேயே தடை வந்துவிட்டது. இந்தச் சிறிய குழம்புப் பைகள் மட்டும் தப்பித்துக்கொண்டிருக்கின்றன. இந்த ஆண்டு முதல் மகன் அடுக்குச்சட்டியை எடுத்துப் போகிறான். “அண்ணே, டால்சாவை இதிலே ஊத்துங்க” என்று அவன் கேட்கும்போது கடைக்காரர் மறுப்பதில்லை. கூட்டம் அதிகமாக இருக்கும் ஞாயிறு காலையில் மட்டும், ஏற்கெனவே கட்டித் தொங்கவிட்டிருக்கும் குழம்புப் பைகளை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேர்வதற்கு முன்பே, விடிந்ததும் போய்விடுகிறான்.