54 குப்பிகளில் ஒயினின் மணம்: ‘லெ நே து வேன்’ பெட்டி பற்றி

ஒயின் சுவைக்கப் பழகுகிறவர் முதலில் தடுமாறுவது மணத்தில்தான். கோப்பையிலிருந்து நன்கு தெரிந்த ஏதோ ஒரு வாசனை எழுகிறது. அதன் பெயர் மட்டும் வாய்க்கு வருவதில்லை. இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கும் நோக்குடன் பிரான்சைச் சேர்ந்த ழான் லெனுவார் 1981-இல் வெளியிட்டதுதான் ‘லெ நே து வேன்’. கனத்த நூலைப் போலத் தோன்றும் இப்பெட்டியைத் திறந்தால் எண்ணிட்ட 54 சிறு கண்ணாடிக் குப்பிகளும், மணத்துக்கு ஒன்றாக விளக்க அட்டைகளும் உள்ளன. குப்பிகளில் இருப்பவை முகர்வதற்கான மணச்சாறுகள் மட்டுமே. ஒயினைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

எலுமிச்சை, அன்னாசி, வாழைப்பழம், ரோஜா, தேன், பட்டை, கிராம்பு, மிளகு, குங்குமப்பூ, காப்பி என நமக்கு நெருக்கமான மணங்கள் இதில் கணிசமாக இருப்பதால் எளிதாகத் தேறிவிடலாம் என்றே தோன்றும். ஆனால் எண்ணைப் பார்க்காமல் ஒரு குப்பியை எடுத்து முகர்ந்தால், நாள்தோறும் கிராம்பு தாளிப்பவரும்கூடப் பல் மருத்துவமனை நினைவோடு நின்றுவிடுவார். (அவரது மூக்கைக் குறை சொல்ல முடியாது; கிராம்பிலுள்ள யூஜெனால் என்னும் சேர்மம்தான் அங்கும் பயன்படுகிறது.) கண்ணின் துணையின்றி மணத்தை அடையாளம் காண்பது தனிப் பயிற்சி என்பதை இப்பெட்டி சில நிமிடங்களிலேயே உணர்த்திவிடுகிறது. ஒரே அமர்வில் ஐந்தாறு குப்பிகளுக்கு மேல் போகாதிருப்பது நல்லது, ஏனெனில் மூக்கு விரைவில் களைத்துவிடும்.

மணத்துக்குப் பெயர் சொல்லத் தெரிந்தபின், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் ஒயின் உண்மையில் புரியத் தொடங்குகிறது. வெண்ணெய் மணம், திராட்சையிலுள்ள மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் டையசெட்டில் என்னும் சேர்மத்தால் வருவது; வெனிலாவும் கிராம்பும் பெரும்பாலும் ஓக் பீப்பாயின் கொடை; கபர்னே சோவின்யோன் என்னும் திராட்சை வகையின் ஒயினில் எழும் குடைமிளகாய் வாடையோ திராட்சையிலேயே இருப்பது, பழம் போதிய அளவு பழுக்காதபோது மேலோங்குவது. சிரா என்னும் திராட்சை வகை ஒயினின் மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அடையாளம் காட்டினர். நம் அஞ்சறைப் பெட்டியிலுள்ள மிளகின் மணத்துக்கும் அதுவே காரணம்.

குறைகளும் உண்டு. ஹாதார்ன் பூ, லிண்டன் பூ, குவின்ஸ் பழம், பிளாக்கரண்ட் செடியின் மொட்டு போன்றவற்றை வாழ்நாளில் கண்டிராத நமக்கு அவை எந்த நினைவையும் கிளறுவதில்லை. எண்ணும் பெயருமாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டியிருக்கிறது. வெள்ளை ஒயின்களில் அடிக்கடி உணரப்படும் கொய்யாவுக்கோ, மாம்பழத்துக்கோ, மல்லிகைக்கோ இந்த 54-இல் இடமில்லை. ஐரோப்பியத் தோட்டத்தை மனத்தில் வைத்துத் தொகுத்த பட்டியல் என்பதால் இதில் வியப்பில்லை, ஆனாலும் ஏமாற்றமாகவே இருக்கிறது.

நாக்குக்கான பாடமும் இதில் கிடையாது. புளிப்பு, இனிப்பு, ஆல்கஹாலின் காரம், பாக்கு மென்றதைப் போல ஈறுகளை இறுக்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளின் துவர்ப்பு ஆகியவற்றை ஒயினைப் பருகியே அறிய முடியும். அப்படிப் பருகும்போது, சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற அறிவுரையை நம் ஊரில் அப்படியே பின்பற்றக் கூடாது. 30 பாகை செல்சியஸில் ஆல்கஹால்தான் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். குளிர்பதனப் பெட்டியில் போதிய நேரம் வைத்து, 16 முதல் 18 பாகைக்குள் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும்.

சில நூறு யூரோ விலையுள்ள இந்தப் பெரிய பெட்டியைத் தொடக்க நிலையிலுள்ள ஒருவர் தனியாக வாங்கும்படி நான் சொல்லமாட்டேன். நான்கைந்து நண்பர்கள் பங்கிட்டு வாங்கி, ஒருவர் குப்பியை நீட்ட மற்றவர்கள் மணத்தைச் சொல்லும்படி பழகினால் விலைக்குத் தகுந்த பயன் உண்டு. தனியாகப் பழகுகிறவர்களுக்கு இதே நிறுவனத்தின் 12 குப்பிகள் கொண்ட சிறிய பெட்டியும், வீட்டு அஞ்சறைப் பெட்டியும் போதும்.