வெயிலா, மெஷினா, ஃப்ரீஸ் ட்ரையா: பினாங்கு ஈரக்காத்துல எது சத்தைக் காப்பாத்தும்?

மோர்மிளகாய், முருங்கைக்கீரைப் பொடி, மாம்பழத் துண்டுன்னு எதைக் காய வச்சாலும் வர்ற கேள்வி ஒன்னுதான், சத்து நிக்குமா போயிடுமா? நார்ச்சத்து, பொட்டாசியம், இரும்பு இதெல்லாம் எப்படிக் காய வச்சாலும் பெருசா போகாது, போறது தண்ணி. அடி வாங்குறது வைட்டமின் சி, அதுக்கு சூடும் ஆகாது காத்தும் ஆகாது. கீரையில இருக்கிற பீட்டா கரோட்டினுக்கு நேர் வெயில் ஆகாது.

வெயில்ல காய வைக்கிறதுக்கு காசே இல்ல, சுண்டைக்காய், மோர்மிளகாய்க்கு அந்த ருசி வேற எதுலயும் வராது. ஆனா பினாங்குல காலைல சுள்ளுன்னு அடிக்கிற வெயில் சாயங்காலம் மழையாயிடும், காத்துல ஈரம் 80 சதவீதம் பக்கத்துலயே நிக்கும், அதனால காயறது நாள்கணக்குல இழுக்கும், அவ்ளோ நேரமும் வைட்டமின் சி போய்க்கிட்டே இருக்கும், பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை பிடிச்ச மிளகாயைத் தொடைச்சுட்டு சமைக்காதீங்க, தூக்கிப் போடுங்க, பூஞ்சை விடுற விஷம் சமைச்சாலும் முழுசா போகாது.

டீஹைட்ரேட்டர்னு சொல்ற காய வைக்கிற மெஷின்ல 50, 60 டிகிரி சூட்டுல ஃபேன் காத்து ஓடும், மெல்லிசா வெட்டி வச்சா காலைல போட்டதை ராத்திரிக்குள்ள எடுத்துடலாம், வெளிச்சம் படாததால கீரையோட பச்சை நிறமும் கரோட்டினும் நல்லாவே நிக்கும். கீரைக்கு சூட்டை இன்னும் கொறைங்க. கேரட், பீன்ஸ்னா முதல்ல கொதிக்கிற தண்ணில ரெண்டு நிமிஷம் போட்டு எடுங்க, அதுல கொஞ்சம் வைட்டமின் சி தண்ணியோட போகும்தான், ஆனா காய்ல இருந்து நிறத்தையும் சத்தையும் கெடுக்கிற என்சைம் அடங்கிடும், நிறமும் கரோட்டினும் அப்புறம் மாசக்கணக்குல நிக்கும்.

ஃப்ரீஸ் ட்ரை தான் சத்துல முதலிடம். உறைய வச்சு வேக்குவம்ல ஐஸை நேரா ஆவியாக்கிடுறாங்க, சூடு ரொம்பக் கம்மி, அதனால வைட்டமின் சி பெரும்பாலும் தங்கிடும். கோலாலம்பூர் சூப்பர்மார்கெட்ல விக்கிற மொறுமொறு டுரியான் பாக்கெட் இதுதான், ஆனா விலையைப் பாத்தா தினமும் வாங்க முடியாது.

என் ஓட்டு, கீரைக்கும் காய்க்கும் டீஹைட்ரேட்டர், உப்பு போட்ட வத்தலுக்கு வெயில். வைட்டமின் சி வேணும்னா பாசார்ல, அதான் சந்தைல, ஒரு கொய்யா வாங்கி அப்படியே கடிச்சுச் சாப்பிடுங்க.

எந்த முறையிலயும் மாறாத ஒன்னு சர்க்கரை, தண்ணி மட்டும் போறதால அதே எடைல சர்க்கரை கூடிடும். 100 கிராம் திராட்சைல சுமார் 70 கலோரி, அதே எடை உலர்திராட்சைல 300 கிட்ட. மலேசியாவுல நம்ம இந்தியர்கள்கிட்டதான் சர்க்கரை நோய் ரொம்ப அதிகம், அதனால டப்பாவை மடில வச்சுக்கிட்டு டிவி பாக்காதீங்க, ஒரு சின்னக் கை அளவு எடுத்துட்டு மூடி வைங்க. மஞ்சளா பளபளன்னு இருக்கிற உலர்திராட்சைல பெரும்பாலும் சல்ஃபைட்ங்கிற கெடாம காக்கிற பொருள் இருக்கும், அது நிறத்தையும் வைட்டமின் சியையும் காக்கும், ஆனா வைட்டமின் பி1-ஐ அழிச்சிடும், ஆஸ்துமா இருக்கிறவங்க பாக்கெட்டைப் படிச்சுட்டு வாங்குங்க.