பந்தயத்துக்கென்று மெருகேற்றி வந்த கோல்ட் ஸ்டார் எஞ்சின்: ஓர் எச்சரிக்கை

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பந்தயத்துக்காக மேம்படுத்தித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒருவரிடம் என்னுடைய பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் டிபிடி34 என்னும் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை ஒப்படைத்து, செய்யாத வேலைகளுக்கு முழுத் தொகையும் கொடுத்து ஏமாந்த விவரத்தை இங்கே பதிவு செய்கிறேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் கொடுத்த பில்லில் இருந்த பொய்கள் எப்படி வெளிப்பட்டன என்பதை மட்டும் எழுதுகிறேன். இதே வாசகங்களுடன் வேறு யாருக்காவது பில் வந்திருந்தால் அவர்களுக்கு அதுவே போதும்.

நான் கேட்ட வேலைகள் இவ்வளவுதான்: 10.5 கம்ப்ரஷன் விகிதத்துக்கு (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதற்கு) உயர்ந்த தலையுள்ள புதிய பிஸ்டன், அதன் எடைக்கு ஏற்பக் கிராங்க்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டை) மறுபடி சமநிலைப்படுத்துதல், பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் புதிய பிக் எண்ட் பேரிங், முக்கிய பாகங்களில் விரிசல் சோதனை, கடைசியில் டைனோவில் (எஞ்சினின் திறனை அளக்கும் கருவியில்) ஏற்றி அளந்த தாள். 1963-உடன் உற்பத்தி நின்றுபோன இந்த எஞ்சினுக்குத் தயாரிப்பாளரிடம் போய் நியாயம் கேட்க வழியில்லை. பாகங்களைச் சிறு பட்டறைகள் செய்து தருகின்றன. பொருத்துபவரின் வாக்கை நம்பித்தான் வண்டியில் ஏறி உட்கார வேண்டியிருக்கிறது.

எஞ்சின் திரும்பி வந்தபோது கண்ணாடி போல மின்னியது. பயிற்சி ஓட்டத்தில் நிமிடத்துக்கு 5000 சுழற்சியைத் தாண்டியதுமே கால் தாங்கிகளில் பாதம் நிற்காத அளவுக்கு அதிர்ந்தது. ஒற்றைச் சிலிண்டர் வண்டி அதிரத்தான் செய்யும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் கொடுப்பதற்கு முன்பு இது இப்படி அதிர்ந்ததில்லை. வண்டியை நிறுத்திவிட்டு அவர் கொடுத்த காகிதங்களை எடுத்தேன்.

முதலில் இடித்தது டைனோ தாள். 7000 சுழற்சியில் 46 குதிரைத்திறன் என்றும், அதே இடத்தில் முறுக்குவிசை 29 பவுண்டு-அடி என்றும் அதில் இருந்தது. முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 5252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வர வேண்டும். 29-ஐ வைத்துக் கணக்கிட்டால் 39-ஐக் கூடத் தொடவில்லை. இரண்டு கோடுகளையும் ஒரே அளவுகோலில் வரைந்தால், எந்த எஞ்சினாக இருந்தாலும், அவை 5252 சுழற்சியில்தான் ஒன்றையொன்று வெட்டும். இந்தத் தாளில் 6000-க்குப் பக்கத்தில் வெட்டின. இது அளந்த தாளன்று, யாரோ கையால் வரைந்தது.

அடுத்தது பில். அதில் “அலுமினிய கிராங்க்கேஸ், காந்தத் துகள் விரிசல் சோதனை” என்று ஒரு வரி (கிராங்க்கேஸ் என்பது கிராங்க்கை மூடியிருக்கும் கூடு). அதற்குத் தனியே ஒரு கட்டணம். காந்தத் துகள் சோதனை காந்தம் பிடிக்கும் உலோகத்தில் மட்டுமே நடக்கும். எஃகாலான கனெக்டிங் ராடுக்குச் செய்யலாம், அலுமினியத்துக்குச் செய்யவே முடியாது. அதற்குச் சாயம் ஊடுருவும் முறை வேறாக இருக்கிறது. நடக்கவே முடியாத ஒரு சோதனைக்கு என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார். இந்த ஒரு வரியைக் கண்டதும் மற்ற எதையும் நம்பும் எண்ணம் எனக்கு விட்டுப்போயிற்று.

ஹெட்டைக் கழற்றும் முன் ப்யூரெட் (அளவுக் கோடுகள் உள்ள கண்ணாடிக் குழாய்) கொண்டு கம்ப்ரஷன் விகிதத்தை அளந்தேன். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை மேலே நிற்கும்படி எஞ்சினைச் சாய்த்து, மெல்லிய எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, பிளக்கின் மரைகள் இருக்கும் பகுதியின் கொள்ளளவைக் கழித்தால் எரியறையின் கொள்ளளவு கிடைக்கும். 499 சிசி எஞ்சின் 10.5 விகிதத்தில் இருக்க வேண்டுமென்றால் அது 52.5 சிசி. எனக்குக் கிடைத்தது 64. விகிதம் 8.8-தான்.

காரணம் சிலிண்டரைத் தூக்கியதும் தெரிந்தது. உயர்ந்த தலையுள்ள பிஸ்டனை வாங்கியவர், வால்வுகள் அதில் முட்டாமலிருக்க அதன் தலையில் பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். அந்த வேலையைத் தவிர்ப்பதற்காகச் சிலிண்டருக்கு அடியில் 2 மில்லிமீட்டர் தகடு ஒன்றைக் கொடுத்து, மொத்தச் சிலிண்டரையும் மேலே உயர்த்தியிருந்தார். 85 மில்லிமீட்டர் விட்டத்துக்கு இந்தத் தகடு சேர்க்கும் கொள்ளளவு 11 சிசிக்குச் சற்று அதிகம், அதாவது காணாமற்போன வித்தியாசம் முழுவதும் அந்தத் தகட்டில்தான் இருந்தது. சிலிண்டர் உயர்ந்ததால் வால்வுகளை இயக்கும் பழைய புஷ்ராடுகள் எட்டாமற்போக, வால்வுகளை அழுத்தும் நெம்புகோல்களான ராக்கர்களின் மையம் விலகிய அச்சுகளை அவற்றின் எல்லை வரை திருகி எப்படியோ வால்வு இடைவெளியைச் சரிக்கட்டியிருந்தார். இவ்வளவு சாமர்த்தியத்துக்குப் பள்ளத்தையே வெட்டியிருக்கலாம்.

கிராங்க்கின் நிலை இதைவிட மோசம். புதிய பிஸ்டன் பழையதைவிடக் கனமானது, ஆகவே கிராங்க்கோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில், எடையைச் சமன்செய்யும் துளைகளை மாற்றியமைத்திருக்க வேண்டும். அங்கே பழைய துளைகள் மட்டுமே இருந்தன. அவற்றுக்குள் பழைய எண்ணெய்ச் சேறு அப்படியே இறுகிக் கிடந்தது. கிராங்க் பின்னின் நட்டுகளைச் சுற்றிக் கருகிப் படிந்த எண்ணெய்ப் பூச்சு உடையாமல் ஒட்டிக்கொண்டிருந்ததால், பிக் எண்டைத் தொடவே இல்லை என்பது பிரிப்பதற்கு முன்பே புரிந்தது. பிரித்துப் பார்த்தபோது ரோலர்களில் புள்ளிப்புள்ளியாகக் குழி விழுந்திருந்தது. கனெக்டிங் ராடை மட்டும் மெருகேற்றியிருந்தார், அதுவும் குறுக்குவாட்டில். நீளவாக்கில் தேய்த்தால்தான் அது பலம். குறுக்கே விழும் ஒவ்வொரு கீறலும் விரிசல் தொடங்கும் இடம். இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் 88 மில்லிமீட்டர். 7000 சுழற்சியில் பிஸ்டன் நொடிக்குச் சராசரியாக 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் ராடு முறிந்தால் கிராங்க்கேஸைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கொட்டும் எண்ணெய் பின் சக்கரத்தின் மீதும், பின்னால் வருபவரின் பாதையிலும் விழும். பணம் போனதைவிட எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

படங்களோடு அவரிடம் கேட்டபோது டைனோ தாளில் அச்சுப் பிழை என்றார். காந்தச் சோதனையைப் பற்றிக் கேட்டதற்கு, பில்லில் அப்படி எழுதுவது வழக்கம் என்றார். தகட்டைக் காட்டியதும், எஞ்சினை நான் திறந்துவிட்டதால் உத்தரவாதம் போயிற்று என்று கையை விரித்தார். திறக்காமல் தகட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்ட என் கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை, பணமும் திரும்பவில்லை.

இப்போது வேறொருவர் எஞ்சினைச் செய்துகொண்டிருக்கிறார். கழற்றிய பழைய பேரிங்கை என் கையில் தந்துவிட்டு, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்து அளந்து எழுதித் தந்தார், நான் கேட்காமலே. முதலாமவரோ “பந்தயத்துக்குத் தயார்” என்ற வாசகத்தோடு இன்னோர் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை விற்பனைக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன், பிளக்கைக் கழற்றி உங்கள் கண்ணெதிரில் ப்யூரெட்டால் அளந்து காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரின் அடிப்பாகத்தில் கேஸ்கெட்டைவிடத் தடித்த எதுவும் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.