அண்ணன் பிராட்டா, தம்பி பிராட்டா: மார்மன் வேதத்துக்காக வாதாடிய இருவர்

அமெரிக்காவில் பிறந்த கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையின் தொடக்ககால எழுத்துகளில் ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் எதை எடுப்பது? என்னைப் பொறுத்தவரை போட்டி அண்ணன் தம்பி இருவருக்குள்தான். அண்ணன் பார்லி பிராட் 1837-இல் நியூயார்க்கில் 'எச்சரிப்பின் குரல்' என்ற நூலைக் கொண்டுவந்தார். தம்பி ஆர்சன் பிராட் 1850-51-இல் லிவர்பூலிலிருந்து ஆறு சிறு பிரசுரங்களாக, வேதாகமத்தோடு சேர்த்து அந்தச் சபை வேதமாக ஏற்கும் மார்மன் நூலின் தெய்வீகத்தன்மையை நிறுவ முயன்றார். 1830-இல் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அண்ணன்தான்.

பார்லியின் வழி மிக நேரானது. வெள்ளம் வரும் என்று நோவாவுக்குச் சொல்லப்பட்டது, வந்ததும் வெள்ளம்தான், அதில் மறைபொருள் எதுவும் இல்லை. இப்படி நிறைவேறிய தீர்க்கதரிசனங்களை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, இதுவரை எல்லாம் சொன்னபடியே நடந்திருக்கும்போது சிதறிப்போன இஸ்ரவேல் மக்கள் மீண்டும் கூட்டிச்சேர்க்கப்படுவார்கள் என்பதை மட்டும் ஏன் 'ஆவிக்குரிய அர்த்தம்' என்று கரைத்துவிடுகிறீர்கள் என்று கேட்கிறார். வேதாகமத்தை நம்பும் வாசகருக்கு இதைத் தட்டிக்கழிப்பது லேசல்ல. கடைசி அதிகாரத்தில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் கிறிஸ்துவின் உபதேசத்தையும் மறுபக்கம் மனிதரின் உபதேசத்தையும் வைக்கிறார்: விசுவாசிக்கிறவர்களை அடையாளங்கள் தொடரும் என்று இங்கே, தொடராது என்று அங்கே. படித்ததும் சுருக்கென்று தைக்கும்.

ஆர்சன் கணிதக்காரர், எழுத்திலும் அது தெரிகிறது. இந்த நூல் உண்மையானால் இதை நிராகரிப்பவருக்கு இரட்சிப்பு இல்லை, பொய்யானால் ஏற்பவருக்கு இல்லை என்று தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் பணயம் வைத்துவிடுகிறார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். புதிய வெளிப்பாடு வேதத்துக்கு முரணல்ல, பகுத்தறிவுக்கும் முரணல்ல, அது இல்லாமல் தீராது என்று படிப்படியாக ஏறி, வேதாகமம் மட்டுமே போதாது என்பதற்குத் தொலைந்துபோன புத்தகங்களையும் ஒன்றுக்கொன்று மாறுபடும் கையெழுத்துப் பிரதிகளையும் காட்டுகிறார். ஆனால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு தூரம் வேதாகமத்தின் மேல் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு, அப்புறம் ஏசாயா 29-இன் முத்திரைபோட்ட புஸ்தகமும் எசேக்கியேல் 37-இன் யோசேப்பின் கோலும் மார்மன் நூலைத்தான் குறிக்கின்றன என்று அதே வேதாகமத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். அண்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கூட்டிச்சேர்த்தலைப் பொறுத்தவரை இருவரும் நின்ற இடமே வேறு. 1833-இல் மிசௌரியின் ஜாக்சன் மாவட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்களில் பார்லியும் ஒருவர், அதனால் சபையார் கூடிவாழ அங்கே எழுப்ப நினைத்த சீயோன் நகரத்தைப் பற்றிய அவர் வரிகளில் இழந்தவரின் ஏக்கம் இருக்கிறது. ஆர்சன் எழுதியபோதோ விசுவாசிகள் அமெரிக்காவுக்கு வர உதவும் குடிபெயர்வு நிதி 1849-இல் தொடங்கி நடந்துகொண்டிருந்தது, அவரது பிரிட்டிஷ் வாசகர்களுக்குக் கூட்டிச்சேர்த்தல் என்றால் கப்பலேறுவது. எருசலேம் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் 1841 அக்டோபர் 24 அன்று ஒலிவமலையில் யூதர் திரும்பிவர ஜெபித்த ஆர்சன் ஹைட் என்ற மார்மன் அப்போஸ்தலரின் அறிக்கை இருக்கிறது. சிறியது, ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

மார்மன் நூலை வைத்து அமெரிக்கப் பழங்குடிகளை இஸ்ரவேலின் மிச்சமாகப் பார்த்த விஷயத்தில் இருவரில் யாரையும் என்னால் காப்பாற்ற முடியாது. 1830-இன் சட்டப்படி அந்த மக்களை அரசு மேற்கே விரட்டியபோது, 1832-இல் சபையின் பத்திரிகை அதையே கூட்டிச்சேர்த்தலாக எண்ணி மகிழ்ந்தது. வேதத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் கண்முன்னே நடந்த கொடுமை தெரியாமல் போனது எனக்கு இன்றும் வலிக்கிறது. பிற்பாடு மரபணு ஆய்வுகள் அவர்களின் மூதாதையர் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று காட்டின. 2007-இல் சபையே மார்மன் நூலின் முன்னுரையில் 'முதன்மை மூதாதையர்' என்றிருந்ததை 'மூதாதையருள் சிலர்' என்ற அளவுக்குத் தணித்துக்கொண்டது.

சரி, என் தேர்வு பார்லி. தீர்க்கதரிசனத்தைச் சொன்னபடியே எடுத்துக்கொள் என்ற ஒரே விதியைக் கடைசிவரை அவர் விடவில்லை, அதனால் எங்கே ஒத்துப்போகிறோம், எங்கே விலகுகிறோம் என்பது படிக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது. வாதத்தின் நுணுக்கத்தை ரசிப்பவர் ஆர்சனின் முதல் மூன்று பிரசுரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.