அப்பா மூன்று மாதம் தங்கிய முதியோர் இல்லம்

எனக்கு முதுகில் அறுவை சிகிச்சை. மறதி நோய் உள்ள 82 வயது அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க முடியாத நிலை. அதனால் பௌத்த நெறிப்படி நடக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று மாதம் விட்டிருந்தேன்.

சேர்க்கும்போது அவர்கள் முதலில் கேட்டது தூக்க மாத்திரையைப் பற்றி. கொடுக்கிறீர்களா, யார் எழுதியது, எதற்காக? அதற்கு முன் வேறோர் இடத்தில் பத்து நாள் இருந்தார். ராத்திரி எழுந்து நடக்கிறார் என்று அங்கே மாத்திரை கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது, பகல் பதினொரு மணிக்கும் வாயோரம் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தார். இங்கே பொறுப்பாளர் அம்மா, பௌத்தர்களின் ஐந்து ஒழுக்க விதிகளில் கடைசியான ஐந்தாவது சீலத்தைச் சொன்னார். மதியை மயக்கும் பொருளை நாம் தொடாமல் இருந்தால் மட்டும் போதாதாம். நம் வசதிக்காக இன்னொருவர் மதியையும் மயக்கக் கூடாதாம். டாக்டர் பார்த்து மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அப்புறம் அப்பா ராத்திரி எழுந்தால், ஒருவர் கூடவே நடந்தார். அவ்வளவுதான் வைத்தியம்.

அடுத்தது பொய். சாயங்காலம் ஆனால் "உங்கம்மா எங்க, இன்னும் வரலையே" என்பார் அப்பா. அம்மா போய் ஆறு வருடம். "இப்ப வந்துடுவாங்க" என்று சொல்லியே நான் சமாளித்திருக்கிறேன். ஒருநாள் பொறுக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்போதுதான் செய்தி கேட்டவர் மாதிரி விம்மி அழுதார். என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொண்ட பெண் என் கண் முன்னால் செய்தது இது. நாற்காலிக்கு முன் முட்டி போட்டு, அவர் முகத்துக்கு நேராக வந்து, "அம்மாவைத் தேடுதா சார்? அம்மா எப்படிச் சிரிப்பாங்க?" என்று கேட்டாள். (அப்பா கணக்கு வாத்தியார். முதல் நாளே எப்படிக் கூப்பிடுவது என்று அவரிடமே கேட்டு, அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் 'சார்'தான்.) அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அம்மா சைக்கிள் பழகிய கதையைச் சொன்னார். எனக்கே தெரியாத கதை. சொல்வது உண்மையாக, பயனுள்ளதாக, காலமறிந்ததாக இருக்க வேண்டும் என்பது பேச்சுக்குப் புத்தர் வைத்த அளவு. அந்தப் பெண் அதை ஒரு கேள்வியில் செய்துவிட்டாள். நானும் இப்போது அப்படித்தான் கேட்கிறேன்.

குளியல், டயப்பர் மாற்றுவது எல்லாம் திரை போட்டு, தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது, அவர்களிடமும் சொன்னேன். இரண்டாவது மாதம் அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பணியில் இருந்தவர், உடல் நோயுற்றாலும் மனம் நோயுறாமல் இருக்கப் பழகு என்று முதியவர் நகுலபிதாவுக்குப் புத்தர் சொன்னதை எடுத்துச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார். கடைவாய்ப் பல் சீழ் பிடித்திருந்தது. பல் டாக்டரிடம் போக நான்கு நாள் ஆகிவிட்டது. வலியைச் சரியாகச் சொல்லத் தெரியாத மனிதரிடம் போய்ச் சமநிலை பேசலாமா?

அவர்கள் வரவேற்பறையிலேயே ஒரு படம் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் புத்தர் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறார், சீடர் ஆனந்தர் தேய்த்துவிடுகிறார். பிக்குகளுக்கான ஒழுக்க நூலான விநயத்தில் மகாவக்கப் பகுதியில் வரும் சம்பவம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு வேண்டிய ஐந்து தகுதிகளையும் அங்கேதான் சொல்கிறார். அன்போடு பார்ப்பதும், மலம் மூத்திரம் எடுக்க அருவருக்காததும் அதில் உண்டு. நல்ல வார்த்தை சொல்லித் தேற்றுவது கடைசியில் வருகிறது. முதல் தகுதி மருந்து தயாரித்துக் கொடுக்கத் தெரிந்திருப்பது. இதைத்தான் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் வலியைக் குறித்துவைக்கும் தாள் தொங்கியது: முகம் சுளிக்கிறாரா, எங்கே கை வைக்கிறார், எத்தனை மணிக்கு, யாரிடம் சொல்லியாயிற்று.

ராத்திரிக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும். எனக்கு மறுபடி படுக்க நேர்ந்தால் அப்பாவை அங்கேதான் விடுவேன், அந்தத் தாளைத் தினமும் போனில் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு.